கரையா தூரமா

மீன்வளத் துறை அவருக்குக் கொடுத்திருந்த அடையாள அட்டையில் நான்கு தகவல்கள் இருந்தன. தொழில்: ஆழ்கடல் மீன்பிடிப்பு. அனுபவம்: இருபத்தாறு ஆண்டுகள். நீச்சல்: தெரியும். உடல்நிலை: கடல் பயணத்துக்கு ஏற்றது. நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. புகைப்படம் மட்டும் அவருடையதுதான். அதிலும் கண்ணை மூடியிருந்தார்.

அவர் பொய் சொல்லி வாங்கிய அட்டை அல்ல அது. துறைமுகத் தெருவுக்கு வந்த குமாஸ்தாவுக்கு அன்று ரயிலைப் பிடிக்கிற அவசரம். முதல் வீட்டு ஆணுக்கு எழுதியதையே கடைசி வீடு வரைக்கும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கணக்கில் தெருமுனைத் தையல்காரரும் ஆழ்கடல் மீனவர். தையல்காரர் அலுவலகத்துக்கு அலைந்து திருத்தி வாங்கினார். இவர் போகவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இவ்வளவு தைரியம் இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்ல" என்றார் மனைவியிடம்.

"அப்ப நீச்சலாவது கத்துக்கிட்டு வந்துடுங்க. அட்டைக்கு மரியாதையா இருக்கும்" என்றாள் அவள்.

கடலுக்கு அவர் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் மாமனாரின் படகில் ஒருமுறை போனார். கரை கண்ணை விட்டு மறைவதற்குள் காலையில் சாப்பிட்டது மறைந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் சாப்பிட்டதும் பின்னாலேயே கிளம்பியது. மாமனார் தன் ஆயுளில் முதல்முறையாக வலையை நனைக்காமலே படகைத் திருப்பினார். கரைக்கு வந்தபின் மருமகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளிடம் மட்டும், "உன் புருஷனுக்குக் கரையிலயே ஒரு வேலை பாரும்மா, கல்லு மாதிரி ஆடாத இடமா" என்றார்.

கிடைத்தது உண்மையிலேயே கல்தான். இறங்குதுறையின் ஓரத்தில், ஐஸ் உடைக்கும் கொட்டகைக்கும் குழாயடிக்கும் நடுவே, இடுப்புயரத்துக்கு ஒரு கல்மேடை. மீன் வாங்குகிறவர்களுக்குச் செதில் சுரண்டி, வயிறு கீறி, துண்டு போட்டுக் கொடுப்பது வேலை. இரண்டு கத்திகள் வைத்திருந்தார். வயிறு கீறுகிற கத்தி தீட்டித் தீட்டி விரலகலத்துக்கு இளைத்திருந்தது. முப்பத்தோரு வருடம் அந்த மேடையில் நின்றார். இப்போது மாடியறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கையில் அவர் மனதுக்கு முதலில் திரும்பி வருவது மீன் வாடையல்ல; ஈரச் சாக்குப் பையும் மரத்தூளும் உடைத்த ஐஸும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாசனை. அதை வேறு எங்கேயும் முகர்ந்ததில்லை என்பார். முகர்ந்து பார்க்க வேறு எங்கேயும் போனதுமில்லை.

மற்றவர்கள் மீன் வயிற்றில் இருந்ததை அப்படியே வாளியில் வழித்துவிடுவார்கள். இவர் மட்டும் திறந்து பார்த்தார். தன் வயிறு நடுக்கடலில் தன்னைக் காட்டிக்கொடுத்தது மறக்கவில்லையோ என்னவோ, அடுத்தவர் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆவல் அவருக்கு வந்துவிட்டது.

பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. மழை முடிந்து ஆற்றுத் தண்ணீர் கடலில் கலங்கலாக இறங்கும் மாதங்களில் கொடுவா மீன் வயிற்றில் மடவைக் குஞ்சு இருக்கும். மீனெல்லாம் கரையோரத்தில் மேய்கிறது என்று அர்த்தம். வெயில் ஏறி, காற்று படுத்து, தண்ணீர் நீலமாகத் தெளிகிற மாதங்களில் சூரை மீன் வயிற்றில் கணவாய் இருக்கும். எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இது படகுக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். தெரியாதது நடுவில் வருகிற அந்த இரண்டு மூன்று வாரம். ஒரு பருவம் போகாமலும் இன்னொன்று வராமலும் இழுபறியாக இருக்கிற நாட்களில் படகைக் கரையோரம் விடுவதா, ஐந்து மணி நேரம் ஓட்டித் தூரத்துக்குப் போவதா என்று ஒவ்வொருவரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மீன் எங்கே பிடிபட்டது என்பது படகுக்காரருக்குத் தெரியும். முந்தின நாள் அது எங்கே சாப்பிட்டது என்பது இவருக்குத் தெரியும்.

மதியம் மூன்றரைக்கு, கைகழுவிவிட்டு, ஐஸ் கொட்டகையின் கறுப்புத் தகரக் கதவில் சாக்கட்டியால் எழுதுவார். 'கரை' அல்லது 'தூரம்'. அதற்குக் கீழே காரணம் ஒரு வரி: 'வயிற்றில் நெத்திலி, செதில் போகாமல். இப்போதுதான் தின்றது.' காரணம் எழுதாமல் அவர் ஒருநாளும் எழுதியதில்லை. பதினோரு படகுகள் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாளுக்கு டீசல் ஊற்றும்.

அதனால் ஊருக்கு அவர் டாக்டர்.

"என்ன டாக்டர், நோயாளி பிழைப்பாரா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள்.

"நோயாளி போயாச்சு. சொந்தக்காரங்க எங்க இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்பார், நிமிராமல்.

தினமும் முதலில் வந்து நிற்பவன் மைத்துனன். இவருடைய கல்யாணத்தின்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மாமா வாந்தியெடுத்த அன்று படகைக் கழுவியவன் அவன்தான். அதை வருடத்துக்கு இரண்டு முறையாவது ஞாபகப்படுத்துவான். "என்ன மாமா, கரையா தூரமா?" என்று கேட்காமல் அந்தக் கல்மேடையைத் தாண்டியதில்லை.

மாமனார் காலமாகி, படகு முதல்முறையாக மைத்துனனின் பொறுப்புக்கு வந்த வருடம் அது. வெயில் காலத்தின் கடைசி. இன்னும் பத்து நாளில் காற்று திரும்பிவிடும். திரும்பினால் இரண்டு மாதம் படகு மணலில்தான். அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் கடைசிப் பத்து நாளில் மீன் காட்டாத படகை விட்டு ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த பருவத்துக்கு வேறு படகில் ஏறுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், யாரும் திரும்பியும் வர மாட்டார்கள். மைத்துனனிடம் இருந்த நான்கு பேரும் அப்பா காலத்து ஆட்கள். மகனை அவர்கள் இன்னும் எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தூரத்தில் பிடித்த ஒரு பெரிய பாறை மீன் கல்மேடைக்கு வந்தது. டாக்டர் வயிற்றைக் கீறினார். உள்ளே கெட்டியாக இறால். அதுவும் கரையோரத்துச் சேற்று இறால்.

இறாலின் சதை வயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். முள்ளும் ஓடுமாக இருக்கும் தலை கடைசிவரை நிற்கும். ஆகவே அவர் எப்போதும் தலைகளைத்தான் எண்ணுவார். நாற்பத்து மூன்று இருந்தது. அடுத்த மீனில் முப்பத்தேழு. அதற்கடுத்த மீனில் எண்ணுவதை விட்டுவிட்டார். மீன் கரையோரம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கதவில் 'கரை' என்று எழுதி, வழக்கமில்லாத வழக்கமாக அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

பதினோரு படகும் கரையோரம் வலை விட்டன. முதல் நாள் வலை நிறையச் சொறி மீன், விலைபோகாத கொழகொழ ஜெல்லி. இரண்டாம் நாளும் அதே சொறி மீன், கொஞ்சம் வளர்ந்திருந்தது. மூன்றாம் நாள் அதுவும் வரவில்லை.

துறையிலேயே மூத்த படகோட்டி ஒருவர் உண்டு. கட்டைக்குரல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கல்மேடைக்கு எதிரில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "டாக்டர், இனிமே நீ மாட்டு வயித்தப் பாத்துச் சொல்லு. அதாச்சும் நெசமாவே கரையில மேயும்" என்றார்.

சிரித்தவர்களிலும் பாதிப் பேர் டாக்டர் பக்கம்தான். "அவர் என்ன பண்ணுவாரு, கடல் கெட்டுப் போச்சு" என்றார்கள். கடல் பதில் பேசாது என்பதால் அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மைத்துனன் கல்மேடையைத் தாண்டிப் போனான். நிற்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. கட்டைக்குரலின் கேலி உறைக்காதவருக்கு அது உறைத்தது. அன்று கதவில் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்கு நடந்தார்.

சமையலறையில் மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இடதுகையால் தலையைத் திருகி ஒரு கிண்ணத்தில் போடுவாள். உடம்பை உரித்துச் சட்டியில் போடுவாள். அவர் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எங்க கொட்டுவ?"

"எத?"

"தலைய."

"எங்க கொட்டுவாங்க, பின்பக்கம்தான். பூனை வந்து காத்திருக்கு. ஏன், எண்ணிட்டுத்தான் கொட்டணுமா?"

அவர் அலமாரியைப் பார்த்தார். விசேஷமாக ஏதாவது கிடைத்தால் கண்ணாடிப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுவைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அந்தப் பாறை மீனின் நாற்பத்து மூன்று தலைகளும் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தன. அந்த இடத்தைப் பற்றி மனைவிக்கு நீண்டநாள் ஆட்சேபம் இருந்தது. புட்டியை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். சதை கரைந்தாலும் வாலின் விசிறி ஓடு லேசில் கரையாது. நாற்பத்து மூன்று தலைக்கு நாலு வாலாவது இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தலையும் கழுத்தில் சுத்தமாகத் திருகப்பட்டிருந்தது.

"கடல்ல எந்த மீனும் இறால உரிச்சுச் சாப்பிடாது" என்றார்.

மனைவி தட்டைப் பார்த்தாள். "இது கையால திருகினது. நான் சொல்ல மாட்டேனா?"

ஏதோ ஒரு வெளியூர்ப் பெரிய படகு இங்கே கரையோரத்தில் இறாலை அள்ளிக்கொண்டு, போகிற வழியெல்லாம் தளத்தில் உட்கார்ந்து தலையைத் திருகி, உடம்பை ஓட்டோடு ஐஸில் போட்டுக்கொண்டு, தூரத்தில் தலைகளைக் கொட்டியிருக்கிறது. மீன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சாப்பாடுதான் அவற்றைத் தேடி வந்திருக்கிறது. பின்பக்கத்துப் பூனை இறால் பிடிக்கக் கடலுக்குப் போகிறதா என்ன.

"அப்ப மீனு எங்க?"

"தூரத்துலதான். மொத நாள்லேருந்தே."

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. "போய் 'தூரம்'னு எழுதிட்டு வாங்க. மீன் நகந்துடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரிதான். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடல் மேல் பழி போட ஊரே தயாராக இருந்தது. ஆனால் கீழே காரணம் என்ன எழுதுவது?

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிப் போனார். ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். 'தூரம்' என்று எழுதினார். கீழே: 'மூன்று நாளும் தப்பு என்னுடையது. இறாலின் தலையை எண்ணினேன், வாலைப் பார்க்கவில்லை. வேறு படகு திருகிப் போட்டது.' தலைகளைத் திரும்பப் போட்டிருந்த புட்டியைக் கல்மேடையில் வைத்தார்.

கட்டைக்குரல் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். புட்டியை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா கடல்தான் தப்புப் பண்ணுதுன்னு நிம்மதியா இருந்தோம். இனிமே ஒவ்வொருத்தனும் தன்னைப் பத்தி யோசிக்கணும்" என்றார். "நல்லா இல்ல டாக்டர் நீ பண்றது."

மைத்துனனின் ஆட்கள் நால்வரும் கதவைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் சொன்னார்: "திரும்பவும் அவர் பேச்ச நம்பியா? அவ்வளவு உறுதின்னா அவரையும் படகுல ஏறச் சொல்லு. நாங்க வர்றோம்."

மைத்துனன் தயங்கித் தயங்கி மேடைக்கு வந்தான். "மாமா, நீங்க..."

"கேட்டுச்சு மாப்ளே" என்றார். "வாளி ஒண்ணு எடுத்து வை. பெரிசா."

மறுநாள் ஆழ்கடல் மீனவர் தன் தொழிலுக்கு இரண்டாம் முறையாகப் போனார். சட்டைப் பையில் அட்டையை வைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று. ஐந்து மணி நேரமும் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். மைத்துனன் வாளியை இரண்டு முறை கழுவிக் கொடுத்தான். வலை ஏறியபோது ஆட்கள் கூச்சலிட்டது அவருக்கு எங்கோ தொலைவில் கேட்டது. தலையைத் தூக்கி, "வயித்தத் திற" என்றார்.

மைத்துனன் சூரை ஒன்றைக் கீறி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"கணவாய்" என்றார் டாக்டர். "தலையும் இருக்கு. வாலுப்பக்கமும் இருக்கு." பிறகு வாளியைத் தேடினார்.

மிச்சமிருந்த நாட்களில் பதினோரு படகும் தூரத்துக்குப் போயின. மைத்துனனின் நான்கு பேரும் அடுத்த பருவத்துக்கும் அவனிடமே இருந்தார்கள். வாந்திக் கதைகள் இரண்டாகிவிட்டதால் அவன் இப்போது வருடத்துக்கு நான்கு முறை ஞாபகப்படுத்துகிறான்.

கை நடுக்கம் வந்தபின் டாக்டர் கத்தியை வைத்துவிட்டார். மைத்துனனின் படகில் இப்போது கடலை மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுகிற திரை இருக்கிறது. அதை அவன் நம்புகிறான். ஆனாலும் மதியம் மூன்றரைக்கு ஜன்னலுக்குக் கீழே நின்று, "என்ன மாமா, கரையா தூரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். சில நாள் முழு மீனாகவே ஒன்று கொண்டுவந்து, "அக்கா, வயித்த மட்டும் விட்டு வை" என்பான். அவள் கீறித் தட்டில் கொண்டுவந்து வைப்பாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். முதலில் வாலைத் தேடுவார்.

அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது, திருத்தப்படாமல். கடலுக்கு அவர் இரண்டு முறை போனார். முப்பத்தோரு வருடம் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்து, கரையா தூரமா என்று பதினோரு படகுகளுக்குத் தகரக் கதவில் எழுதினார். மூன்று நாள் தப்பாக எழுதினார். மூன்றாம் நாள் சாயங்காலம் அதையும் எழுதினார்.