சாயங்கால அளவு

1943 ஜூலை 8, வியாழக்கிழமை. தோக்கியோ மணி ஒன்பதே கால். ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்ததால், வெயிலின்படி ஏழே முக்கால்தான். மேகம் இல்லை. மழை பெய்து பதினேழு நாள் ஆகியிருந்தது. புக்கிட் செலம்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவின் குளியலறையில், மண்ணெண்ணெய் டின் ஒன்று குழாய்த் தண்ணீரில் நிறைய எத்தனை வரை எண்ண வேண்டியிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. நூற்று எண்பது ஆனது.

எண்ணச் சொன்னவர் என் தாய்மாமா. தோட்டத்துக் குழாய் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. பங்களாவில் குடியேறிய ஜப்பான் அதிகாரிக்கு துரையின் ஷவரில் குளிக்க ஆசை. அதன் தலை சாப்பாட்டுத் தட்டு அகலம், நூற்று நாற்பத்து நான்கு ஓட்டை. பம்பு ஓடிய காலத்துக்குச் செய்தது. இப்போது பம்புக்கு எண்ணெய் இல்லை. குன்றின் மேலிருந்த தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வந்தது. அத்தனை ஓட்டைக்கும் அது போதாமல் தட்டின் விளிம்பில் கூடி ஒழுகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரியாகவில்லையென்றால், சயாம் ரயில் பாதைக்குப் போகும் ஆள்களின் பட்டியலில் மாமாவின் பெயரைச் சேர்த்துவிடுவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். பட்டியலில் இன்னும் ஒரு ஆள் குறைந்தது.

மாமாவிடம் ஷவரில் மாட்ட வேறு இரண்டு தலைகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் கழற்றியதில் அறுபது ஓட்டை. நாற்றங்கால் பூவாளியின் மூக்கில் முப்பத்தாறு.

"தண்ணி கொஞ்சமா வந்தா ஓட்டையும் கொஞ்சமா இருக்கணும் மாப்ளே. எரநூறுக்குள்ள டின்னு நெறைஞ்சா அறுபது. மேல போச்சுன்னா பூவாளி மூக்கு."

"பூவாளியிலயா அவன் குளிப்பான்?"

"குளிச்சா மொளைக்கட்டும். காலையில ஒருக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருக்கா எண்ணு. எது மெதுவோ அதுதான் கணக்கு. நான் தொட்டியில சேறு அள்ளப் போகணும். வெளையாடப் போயிடாதே லா."

அன்று சாயங்காலம் நான் விளையாடப் போகவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒருவர் மரவள்ளிக்கிழங்கு சுட்டார். காத்திருந்தேன், இரண்டு துண்டு கிடைத்தது. பங்களாவுக்குப் போகும்போது அதிகாரியின் கார் வாசலில் நின்றது. உள்ளே போகப் பயம். காலையில் எழுதிய நூற்று எண்பதின் கீழே நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினேன். ஒரே எண்ணை இருமுறை எழுதினால் மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று பத்துக் கூட்டினேன்.

மறுநாள் காலையில் அறுபது ஓட்டைத் தலையை மாட்டினார். மழை போல் விழுந்தது. மாமா கையை நீட்டி நனைத்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் அதிகாரி உள்ளே போனார். கிராணியும் மாமாவும் நானும் பின்வாசலில் நின்றோம். கீழே லயத்தில், மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்பிய நாற்பது வீட்டு ஜனமும் ஒரே நேரத்தில் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தது. பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒரே குழாய். அதிகாரி இடுப்பில் துண்டோடு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்தார். மாமாவை நான்கு முறை அறைந்தார்.

"அளந்துதானே மாட்டினேன்னு சொன்னே? யாரு அளந்தது?" என்றார் கிராணி.

மாமா குழாயடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க ஐயா. ரெண்டு வேளையும் நானேதான் அளந்தேன்."

கிராணி பட்டியலை எடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். வீட்டுக்கு ஓடி, "அளந்தது நான். மாமா தானே அளந்ததா சொல்லிக்கிறாரு," என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா கிழங்கு உரிப்பதை நிறுத்தினார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். திங்கட்கிழமை லாரி வந்து பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்குப் போனது. அப்போதும் நான் மாமாவிடம் பேசவில்லை. என் வேலையைத் தன் வேலையென்று சொன்னவர்தானே என்று முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் லாரியிலிருந்து கையாட்டினார், நான் ஆட்டவில்லை.

பதினோரு பேரில் இருவர் திரும்பினார்கள். மாமா காய்ச்சலில் ஆற்றங்கரை முகாமில் இறந்துபோனதாக ஒருவர் சொன்னார். எந்த முகாம் என்று அவருக்கு நினைவில்லை.

சம்பாதிக்கத் தொடங்கியபின் சயாமுக்குப் போனேன். நான்கு நாள் தேடினேன். எங்கள் ஆள்கள் பெயரில் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. ஆற்றில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். ரயில், பஸ், தங்கல், சாப்பாடு, பூ எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்தேழு வெள்ளி நாற்பது காசு. இந்த முறை எதையும் கூட்டி எழுதவில்லை.