இரண்டு வீட்டுத் தெள்ளுப்பூச்சிகள்

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வீடு வீடாகப் போய் நாய் பூனைகளின் மேலிருந்து தெள்ளுப்பூச்சி பிடிப்பது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. லாஸ்பேட்டையில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸிலிருந்து காலையிலேயே ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவேன். பையில் ஒரு பேன் சீப்பு, ஒரு வெள்ளைத் துண்டு, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பிகள். என்ன வேலை என்று உறவினர் யாராவது கேட்டால் அம்மா "ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஊரில் வளர்ப்புப் பிராணிகள் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகள் எல்லாம் ஒரே வம்சமா, பல வம்சங்களா என்பதுதான் ஆராய்ச்சி. பார்வைக்கு எல்லாம் எள்ளளவு, பழுப்பு நிறம், தொட்டால் துள்ளி ஓடும். மரபணுவைப் படித்தால் எது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். கடல் தாண்டி வந்தவர்கள் நிறைந்த ஊர் இது. அவர்களுடைய நாய்களோடு பூச்சிகளும் வந்திருக்கும் என்பது ஆராய்ச்சியை நடத்திய எங்கள் மேடத்தின் எண்ணம்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒரே சுவரை ஒட்டி இரண்டு வீடுகள். ஒன்றில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக இருந்தார். சிப்பாய் என்பதைப் பிரெஞ்சில் சொல்லித் தெருவே அவரை 'சொல்தா' என்றது, நேரில் மட்டும் மரியாதையாக 'முசியே'. பிரான்சிலிருந்து திரும்பும்போது விமானத்தில் கூட்டிவந்த நாய் ஒன்று அவருக்குத் துணை. பக்கத்து வீட்டில் துணி வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். கல்யாணமாகிக் காரைக்காலில் இருந்து வந்தபோது பிரம்புக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த செம்மஞ்சள் பூனை அவளுடையது.

நான் போன சமயத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. மருமகளின் நாத்தனார் குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நாயால் வந்தது என்றார் மாமியார். பூனையால் வந்தது என்றார் சொல்தா.

"என் நாய்க்கு வாராவாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டறேன்மா. அதுங்கிட்ட பூச்சி இருந்தாலும் பிரான்சுப் பூச்சியாத்தான் இருக்கும். அது சுவரேறிப் போயி யாரையும் கடிக்காது" என்றார் என்னிடம், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

நான் இரண்டு பிராணிகளையும் வாரினேன். நாயின் மேல் இரண்டோ மூன்றோ கிடைத்தன. பூனையின் கழுத்தடியில் சீப்பு வைத்ததும் துண்டு முழுக்கத் துள்ளும் பழுப்புப் புள்ளிகள். மாமியார் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பூனை மேலதான் நெறைய இருக்கு" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. படித்தவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வாயைத் திறந்துவிட்டது. "டெஸ்டுக்கு அனுப்பறேன். யாரு வீட்லேர்ந்து யாரு வீட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சிடும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்படித் தெரிந்துவிடும் என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து அடுத்த சுற்றுக்குப் போனபோது பூனை இல்லை. மருமகள் கதவோரம் நின்றாள்.

"மாமி அதைச் சாக்குல போட்டு மார்க்கெட்டு மீன் கடையாண்ட விட்டுட்டு வந்துட்டாங்க. பூனை மேலதான் நெறையன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை; விவரம் சரிபார்ப்பவள் போலக் கேட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. "குழந்தைக்கு இப்போ எப்படி?" என்றேன்.

"அப்படியேதான் கடிக்குது."

அன்று மாலை மேடத்திடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "பிராணி மேல நாம பாக்குறது கொஞ்சந்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாய்லயும் மெத்தையிலயும் தரை இடுக்குலயும் கெடக்கும். அதை விட்டுட்டு பூனையத் துரத்தி என்ன பிரயோஜனம்? இதை மொத நாளே அவங்களுக்குச் சொல்லியிருக்கணும்" என்றார். பரீட்சைக்கு நானே படித்து எழுதிய விஷயம் அது. அந்த வீட்டு வாசலில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் இரண்டு வீட்டுக்கும் போனேன். நான் சொன்னது தப்பு என்று மாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு வீட்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாவிட்டால் பலன் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்தா முதலில் முறுக்கிக்கொண்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மெத்தையும் நாயின் விரிப்பும் மாடிக்கு ஏறின. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்களும் தலையணைகளும் வெயிலில் கிடந்தன. வெந்நீர் கொதித்தது. மாமியார் மாடியிலிருந்து, "முசியே, ஒங்க வீட்டு மூலையெல்லாம் பெருக்கியாச்சா?" என்று கேட்டதுதான் பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சுவரைத் தாண்டிய முதல் பேச்சு. "ஆச்சும்மா, ஆச்சு" என்றார் அவர்.

இரண்டு வாரத்தில் குழந்தையின் கால் ஆறத் தொடங்கியது. நான் மெதுவாகப் பூனைப் பேச்சை எடுத்தேன். "இருந்தா கொண்டு வரட்டும்" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல்.

மருமகளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பகுதியில் செம்மஞ்சள் பூனைகள் மட்டும் நாலைந்து. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அவள் ஈரத்தரையில் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகக் குனிந்து பார்த்தாள். கடைசியில் ஒரு மீன்காரம்மாவின் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் நின்று, நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினாள். கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை தலையைத் தூக்கியது. முன்பைவிடக் கொழுத்திருந்தது. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்து அவள் காலில் முகத்தைத் தேய்த்தது.

"உன்னுதா?" என்றாள் மீன்காரம்மா. "பாத்தா வீட்ல வளந்த பூனையாத்தான் தெரிஞ்சுது. தலை போட்டாத் தின்னாது, சதைதான் வேணும் அதுக்கு. எடுத்துட்டுப் போம்மா."

வண்டியில் வரும்போது என் முதுகுக்குப் பின்னால் அவள் அழுதாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். போக்குவரத்துச் சத்தத்தில் சொன்னால் காதில் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

மரபணு முடிவுகள் வெளியூர் ஆய்வகத்திலிருந்து வர மேலும் சில வாரங்கள் ஆயின. அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு போனேன். சொல்தாவும் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தார். நாயின் பூச்சி, பூனையின் பூச்சி, எங்கள் குவார்ட்டர்ஸ் நாயின் பூச்சி, மூன்றின் மரபணு வரிசைகளும் நாங்கள் படித்த அளவில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இதிலிருந்து சொல்ல முடியாது என்றேன். இந்தமுறை அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அப்போ பிரான்சுப் பூச்சி இல்லியா?" என்றார் சொல்தா.

"இல்லீங்க முசியே. இந்த ஊர்ல எல்லாருகிட்டயும் இருக்கறதுதான்."

அவர் நாயைக் குனிந்து பார்த்தார். "வந்து ஆறு வருஷமாச்சு. வேற எப்படி இருக்கும்?" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

மருமகள் தாளை வாங்கிக்கொண்டாள். பத்தாவது வரை படித்தவள். மூன்று வரிசைகளிலும் ஒரே சமயத்தில் விரலை நகர்த்தி, ஏ, டி, டி, ஜி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்தின் கடைசிவரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"வித்தியாசமே இல்லாததயா இவ்ளோ நாளா தேடிக்கிட்டு இருந்தீங்க?"

"தேடினாத்தான இல்லன்னு தெரியும்" என்றேன். பதிலாக அது அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அவள் தாளை இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். மாமியார் சொல்தாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.