சுவரில் மூன்று அம்மாக்கள்

கல்மண்டபம் பகுதியில் என் வீட்டு மதிலுக்கு இரண்டு பயன்கள் இருந்தன. தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் வந்து சுண்ணாம்படித்து, மூலையில் கட்சிப் பெயரை எழுதி முன்பதிவு செய்வார்கள். மற்ற நாட்களில் துறைமுகத்துக்குப் போகும் லாரிக்காரர்கள் அதன்மேல் சிறுநீர் கழிப்பார்கள். இரு தரப்பும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. எனவே ஒருவர் வந்து முறையாக அனுமதி கேட்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

பக்கத்துப் பள்ளியின் ஓவிய ஆசிரியை அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாக வரையக் கற்றுக்கொடுப்பார். வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலத்தோடு முதலில் இறங்குவதும் அவர்தான். அரசாங்கத்தில் சொத்துப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு ‘இலவசம்’ என்று கேட்டாலே, கோப்பில் எந்தப் பக்கம் காணவில்லை என்று தேடத் தோன்றும்.

“லைப்ரரி வராண்டாவுலேர்ந்து தொரத்திட்டாங்க சார். பசங்களுக்கு வேற எடம் இல்ல. உங்க செவுத்தக் குடுங்க.”

“எந்தக் கட்சி?”

“டிராயிங் கட்சி சார்.”

நான் சிரிக்கவில்லை. நிபந்தனைகளோடு எழுதிக் கொடுத்தேன். சின்னம், கொடி நிறம், தலைவர் படம் கூடாது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு. அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் இரண்டு முறை படித்தார்.

ஞாயிறுதோறும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்சி நிறம் எப்போது எட்டிப்பார்க்கும் என்று காவல் காத்தேன். எட்டிப்பார்த்தவை மூன்று பெண் முகங்கள். தெருமுனையில் மீன் விற்பவர், ஆப்பக்கடைக்காரர், பாய் வீட்டில் தையல் மெஷின் ஓட்டும் அம்மா.

மீன்காரம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். “இன்னா டீச்சர், என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது?”

“பசங்க கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியுதுக்கா.”

சுவரிலிருந்த அந்த மூன்று பேர் பார்வைக்கு முன்னால் எந்த லாரிக்காரரும் ஜிப்பில் கைவைக்கவில்லை. எல்லோரும் எதிர்வீட்டு மதிலுக்கு மாறிவிட்டார்கள். அது எதிர்வீட்டார் மனு கொடுக்க வேண்டிய விஷயம்.

தெருவில் எத்தனையோ பெண்கள் இருக்க, ஏன் இந்த மூவர் என்று ஆசிரியையிடம் கேட்டேன். “பசங்க செலக்‌ஷன் சார்” என்றார். நான் நம்பவில்லை.

தேர்தல் வந்தது. ஒரு காலையில் கட்சியின் வட்டச் செயலாளர் ஆள் ஒருவனோடு சுண்ணாம்பு வாளி சகிதம் வந்துவிட்டார். செய்தி கேட்டு ஆசிரியையும் ஓடிவந்து வாசலில் நின்றார். இந்தச் சுவரும் போனால் வகுப்பு அவ்வளவுதான். உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சுவரைத் தொடக்கூடாது என்று விதியைச் சொன்னேன். விதியைக் கேட்டுத் திரும்பிப்போன கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. வட்டச் செயலாளரே பிரஷ்ஷைத் தோய்த்துக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“இன்னா மாமு நின்னுகினுகீற? அடி!” என்றான் கூட வந்தவன்.

“டேய், எங்கம்மாடா அது.”

மீன்காரம்மாவின் மகன் அவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“அப்போ பக்கத்துல அடி.”

“ஆப்பக்கடை அம்மாவா? அதோட மருமவன் எதிர்க்கட்சிடா. எங்க அத்த மூஞ்ச அழிச்சிட்டாங்கன்னு மைக் வச்சிக் கத்துவான். பேஜாரு.”

“அப்பால தையக்காரம்மா?”

“அதோட தம்பி நம்ம கூட்டணிக் கட்சிடா!”

வாளி வந்த வழியே திரும்பியது. ஆசிரியை, எதுவும் நடக்காதது போல, மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், வட்டச் செயலாளரோட அம்மா யாருன்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் சுவரின் வலது ஓரத்தைக் கையால் தடவினார். “இங்க இன்னொருத்தர் வரலாம் சார். உங்கம்மா போட்டோ இருக்கா?”

அவர் இரண்டு முறை படித்த வரி நினைவுக்கு வந்தது. அம்மாவின் படம் சுவரில் ஏறிய பிறகு ரத்து செய்யும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

“பார்க்கிறேன்” என்றேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு மறுப்பு என்று பொருள். ஆனாலும் அன்று மாலை பீரோவிலிருந்த இரண்டு படங்களையும் எடுத்து, எதில் அம்மாவின் மூக்கு சிறியதாக இருக்கிறது என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.