சர்ஜரி மேலே இருக்கட்டும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குச் சரியாகத் தெரியாது. படிக்கிறவர்கள் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ராணுவ டாக்டர். ராணுவக் கல்லூரியில் படித்து, கேப்டனாகி, பனிமலையில் ஒரு முகாமில் வேலை பார்த்தாள். நான் அஜ்மானில் தங்கி, ஷார்ஜாவில் ஒரு லாண்ட்ரியில் இஸ்திரி போடுகிறேன். போன வருஷம் அவள் மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதினாள். மார்க் வந்தது. மோசமில்லை, பிரமாதமும் இல்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று போனில் சொன்னாள்.

"மார்க் வரிசையில எங்கள நிறுத்துவாங்கப்பா. எந்தப் படிப்பு, எந்த ராணுவ ஆஸ்பத்திரின்னு ஆசைப்படுற வரிசையில நாங்க எழுதிக் குடுக்கணும். என் முறை வரும்போது நான் மேல எழுதினது காலியா இருந்தா அது எனக்கு. இல்லன்னா ரெண்டாவதப் பாப்பாங்க. அதுவும் இல்லன்னா மூணாவது."

"நீ எத மேல எழுதுவ?"

"சர்ஜரி."

காரணத்தையும் சொன்னாள். வயிற்றில் அடிபட்ட ஒரு சிப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ரத்தத்தை நிறுத்தத்தான் இவளால் முடிந்தது. ஆபரேஷன் செய்ய அங்கே ஆள் இல்லை. மேகம் மூடி, ஹெலிகாப்டர் வரவில்லை.

"பொழச்சுட்டாருப்பா. ஆனா வானம் எப்போ தெளியும்னு பாத்துக்கிட்டு சும்மா நின்னேன். இன்னொரு தடவை அப்படி நிக்க மாட்டேன்."

சர்ஜரிக்கு இடம் குறைவு, போட்டி அதிகம். கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று நினைத்தேன். அதைக் கேட்காமல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்தேன்.

எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் அங்கே நெட் போய்விட்டது. போன் மட்டும் விட்டு விட்டு வந்தது. "அப்பா, உங்க டைப்பிங் சென்டர்ல போட்டுருங்க. கடைசியில ஒரு நம்பர் எனக்கு மெசேஜா வரும், அதப் போட்டாத்தான் முடியும். கூப்பிட்டுச் சொல்றேன்" என்றாள். வரிசையைச் சொல்லச் சொல்ல ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் தெருமுனையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் பாய் கீழக்கரைக்காரர். விசா, லைசென்ஸ், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் அவர் கையால் அடித்தால் திரும்பி வராது என்று பெயர். அன்றும் கடை நிறைய ஆட்கள். துண்டுத்தாளை வாங்கிப் பார்த்தவர் சடசடவென்று அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, குழந்தை மருத்துவத்த மேல போட்டிருக்கேன். சர்ஜரி மூணாவது."

"ஏன் பாய்?"

"இங்க காட்டுற உங்க மக மார்க்குக்கு சர்ஜரி கெடைக்காதுண்ணே. மேல எழுதி அது போச்சுன்னா, 'இவளுக்குப் பேராசை'ன்னு ஒதுக்கி வச்சிருவான். இருபது வருசமா ஃபார்ம் அடிக்கிறேன். கெடைக்கிறத மேல எழுதணும். பொம்பளப் புள்ளைக்குக் கத்தி எதுக்கு? கொழந்தைங்களப் பாக்கட்டும், நிம்மதி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல்ஃபுக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். நான் ஊரில் தையல் வேலை செய்தவன். டெய்லர் விசாவில் வரத்தான் ஆசைப்பட்டேன். "டெய்லர்னு எழுதினா உக்காந்துக்கிட்டே இருப்ப, ஹெல்பர்னு எழுது, உடனே போயிரலாம்" என்றார் ஏஜெண்ட். எழுதினேன், உடனே வந்துவிட்டேன். லீவு கேட்டாலும் கம்பெனிக்குத் தோதான மாதத்தைத்தான் கேட்பேன், உடனே கொடுப்பார்கள். தீபாவளிக்கு ஊரில் இருந்ததே இல்லை.

பின்னால் நின்ற பாகிஸ்தானி டாக்ஸி டிரைவர், "ஜல்தி கரோ பாய்" என்று அவசரப்படுத்தினார். வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பேன்.

"மாத்துங்க பாய். சர்ஜரி மேல இருக்கட்டும்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கடையே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க..."

"நீங்க கேளுங்க பாய். இது விசா மாதிரி இல்ல. மேல எழுதினது கெடைக்கலன்னா கீழ எழுதினது எங்கயும் போயிராது. ஆனா குழந்தை மருத்துவம் மேல இருந்து, அது காலியாவும் இருந்தா, அதையே குடுத்து முடிச்சிருவாங்க. சர்ஜரி காலியா இருந்தாலும் அப்புறம் கேக்க முடியாது."

என்ன தகராறு என்று டிரைவர் கேட்டார். பாய் இந்தியில் விளக்கினார். ராணுவம் என்றதும் டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ராணுவமா? அப்ப நான் கருத்து சொல்லக் கூடாது" என்றார் இந்தியில். பிறகு அவரே, "பரவால்ல, பொண்ணு பொண்ணுதான். அவ சொன்ன மாதிரியே எழுது பாய்" என்றார்.

"கெடைக்கலன்னா என்னையத் திட்டக் கூடாது" என்று முனகிக்கொண்டே பாய் வரிசையை மாற்றினார். துண்டுத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியையும் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். போன் வந்தது. மகள் இரைச்சலுக்கு நடுவில் நம்பரைச் சொன்னாள். "நான் சொன்ன வரிசைதானேப்பா?" என்றாள். "அதே வரிசைதான்" என்றேன். பாய் பட்டனைத் தட்டினார். இனி மாற்ற முடியாது.

அதன் பிறகு போன் அடித்தாலே வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். முடிவு வந்த அன்று நான் லாண்ட்ரியில் ஒரு அரபியின் நீள வெள்ளை அங்கிக்கு, கந்தூராவுக்கு, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சர்ஜரி கெடைச்சிருச்சு! என் முறை வந்தப்ப ஒரே ஒரு எடம்தான் இருந்துச்சாம்!"

"குழந்தை மருத்துவம்?"

"அதுவும் காலியாத்தான் இருந்துச்சு. ஏன் கேக்குறீங்க?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என் மக சர்ஜன் ஆகப்போறா!" என்று மூன்று மொழியில் கத்தினேன். மலையாளி மேனேஜர், ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

சாயங்காலம் அல்வாவோடு பாய் கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் போட்ட வரிசையில போயிருந்தா கெடைச்சிருக்காதேண்ணே" என்று அவராகவே சொன்னார். எதிர்க் கடையிலிருந்து எல்லோருக்கும் ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்த கரக் டீ வரவழைத்தார். வரிசையில் நின்ற பெங்காலியும் நேபாளியும் எதற்கு டீ என்று கேட்டார்கள். பாய் இந்தியில் ஆரம்பித்தார்.

"பொறுங்க பாய், நான் சொல்றேன்" என்றேன்.

எனக்குத் தெரிந்த இந்தியில், டீ ஆறும்வரை சொன்னேன்.

அஜ்மான்
16 மார்ச் 2025, ஞாயிறு