சிவப்புப் பொட்டு இருந்தால் லாரியில் ஏறும்

மலேசியாவில், சிரம்பான் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், மறுசுழற்சி ஸ்டோருக்கு நான்தான் சூப்பர்வைசராக இருந்தேன். பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், பேப்பர், டின் எல்லாம் எங்களிடம்தான் வரும். அவற்றைப் பிரித்தெடுக்கும் யார்டுக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஆ செங், எதை எழுதி ஒட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: சிவப்புப் பெயின்ட் பொட்டு இருந்தால் ஏற்று, இல்லாவிட்டால் தொடாதே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, டிரில், டீ போடும் கெட்டில்வரை துடைத்து மேசையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் டாக்டர் மாலதியும் தன் லேப்டாப்பை நீட்டினார்.

"நாலு வருஷ ஆராய்ச்சி இதுலதான் இருக்குண்ணே. நல்லா தெரியற மாதிரி வைங்க."

வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தானே எடுப்போம்? அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினோம்.

மறுநாள், சுண்டல் செய்த வேலையில் வயிறு கெட்டு, மம்பாவ் ஊரிலிருக்கும் என் வீட்டிலிருந்து தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் காவல் இருக்கும் ஜாகா லாரிக்காகக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். மேசை காலி. ஆ செங் போனில் பெருமையாகச் சொன்னான்: "பாஸ், மேரா செமுவா சுடா அங்காட் லா!" சிவப்பையெல்லாம் ஏற்றிவிட்டானாம்.

யார்டுக்குப் போன் போட்டேன்; யாரும் எடுக்கவில்லை. யார்டுக்கு வரும் எந்த ஹார்ட் டிஸ்கையும், உள்ளிருக்கும் தகவல் வெளியே போகாதபடி, முதல் வேலையாக டிரில் போட்டு ஓட்டையாக்க வேண்டும். அதுவும் நான் போட்ட சட்டம்தான். ஆராய்ச்சியை வேறெங்காவது காப்பி எடுத்து வைத்திருக்கிறாரா என்று டாக்டர் மாலதியைக் கேட்டேன். "இல்லண்ணே" என்றவர் அழுதேவிட்டார்.

மோட்டார் சைக்கிளை முறுக்கி, அம்பாங்கான் தாண்டி யார்டுக்குப் பறந்தேன். அங்கே சாமான் பிரிக்கும் லெட்சுமி, லேப்டாப்பைப் பலகைமேல் வைத்துவிட்டு, எங்கள் டிரில்லையே கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுட்டியாம்மா?"

"எப்படிண்ணே போடுவேன்? சந்தனம் வெச்ச சாமானாச்சே. சூடம் ஏத்தி மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் போடலாம்னு, கடைக்கு ஆள் அனுப்பிருக்கேன்."

சூடமும் வந்தது. அதை லெட்சுமிக்கே ஏற்றிக் காட்டப் போனேன். "போங்கண்ணே!" என்று தள்ளிவிட்டாள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டம் போடுமுன் காலண்டரைப் பாருங்கள். பிறகு கழிவுச் சாமானுக்குப் பச்சைப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டோம். டாக்டர் மாலதியும் பாடம் கற்றுக்கொண்டு, ஆராய்ச்சி முழுவதையும் இன்னொரு டிஸ்கில் ஏற்றிவைத்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த டிஸ்கோடு வந்து நின்றார்.

"அண்ணே, காப்பிக்கும் ஒரு பொட்டு."