பிரெஞ்சு வகுப்பில் பெரட்டு

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவள், என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு எழுதினாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. அவளுடைய அம்மா அவரிடம் கொழுந்தெடுப்பவள். டவுன் கான்வென்டில் நான் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தேன். பிரெஞ்சு மதர் காய்ச்சலில் படுத்துவிட, அந்த வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். அந்தப் பெண் அதில்தான் இருந்தாள்; மாதாகோயில் தயவில் படிப்பவள். பிரெஞ்சுப் பரீட்சையில் தேறினால்தான் அடுத்த வருடமும் இடம்.

ஒருநாள் 'ஃபத்திகே' நடத்தினேன். களைக்க வைப்பது என்ற வினையிலிருந்து பிறந்த சொல்; களைத்துப்போன ஆளையும் அதாலேயே சொல்லலாம். ஆணுக்கு அப்படியே எழுத வேண்டும். பெண்ணுக்குக் கடைசியில் ஓர் எழுத்துக் கூடும், பெண்கள் பலர் என்றால் இரண்டு. வாயால் சொன்னால் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். 'அம்மாவும் அத்தையும் களைத்துப்போனார்கள்' என்று கரும்பலகையில் எழுதும்போது நான் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

அவள் எழுந்து, "டீச்சர், அம்மாவும் அத்தையும்னா இன்னொன்னு வரணுங்க" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பலகையை அழித்தேன்.

அவள் தினமும் தங்கச்சியை, தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மூன்று மைல் ஓடி, மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருவாள். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்த பிறகுதான் பிள்ளைக்காம்பராவைத் திறப்பார்கள். கணக்கப்பிள்ளை மகளுக்கு இது தெரியாதா? பரீட்சையன்று கால் மணி நேரம் முன்பே தாளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

அவள் வந்தாள். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் மணி அடிக்கலைங்களே, டீச்சர்."

"பெரட்டு முடிஞ்சிருச்சு. லயத்துக்குப் போ."

பிந்தி வருகிறவர்களை அப்பா தினமும் விரட்டும் அதே வார்த்தை. அவள் அம்மாவும் அதைக் கேட்டிருப்பாள். அவள் அழவில்லை. பரீட்சை முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். காய்ச்சல் தேறி வந்த மதர் விசாரித்தபோது, அவள் பரீட்சை எழுதவில்லை என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் விடுமுறையில் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. முதுகில் கூடையும் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்குமாக முதல் வரிசையில் அவள் நின்றாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா அவளைக் காட்டிச் சொன்னார்: "கெட்டிக்காரப் புள்ள. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல."