நாலு மணிக்கு ஓய்வெடுத்த ‘திருடன்’

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், புதுச்சேரி உப்பளத்தில் ஒரு சிறிய இருதய மருத்துவமனையில் நடந்தது இது.

நான் கம்ப்யூட்டர் வேலை செய்பவள். வீடு கருவடிக்குப்பத்தில். ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு லேப்டாப், அவ்வளவுதான் என் கம்பெனி. கடை, கிளினிக், பள்ளிக்கூடம் என்று யார் கூப்பிட்டாலும் போய்ச் சரிசெய்து கொடுப்பேன். வேலை தெரியும். தெரியும் என்கிற திமிரும் அப்போது நிறையவே இருந்தது. எனக்கு முன்னால் யாரோ செய்துவைத்துவிட்டுப் போன வேலையைப் பார்த்தால், “எவன்யா இதைச் செஞ்சது?” என்று கேட்காமல் என் வாய் சும்மா இருக்காது.

அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் விவரம் எல்லாம் மாடியில் இருக்கும் ஒரு சர்வரில் இருந்தது. கவுண்டர், லேப், டாக்டர் அறை என்று மற்ற இடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் அதனோடு சேர்ந்து, வேண்டிய விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று சர்வருக்கு ஒரு கணக்கு உண்டு. ஷேர் ஆட்டோவில் இடம் நிறைந்துவிட்டால் அடுத்த ஆள் ரோட்டில் நிற்க வேண்டியதுதானே, அது மாதிரி. கொஞ்ச நாளாக கவுண்டர் கம்ப்யூட்டர் அப்படித்தான் அடிக்கடி ரோட்டில் நின்றது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, கவுண்டர் பெண் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் போனேன். யார் யார் சர்வரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒரு முகவரி மட்டும் வெளியிலிருந்து வந்திருந்தது. மருத்துவமனைக்குள் இருப்பதே இல்லை. காலையில் திறந்ததோடு சரி, கேள்வி எதுவும் கேட்காமல், ஆனால் நாலு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“சார், வெளியிலேர்ந்து ஏதாவது கம்ப்யூட்டர் இதுல சேருதா?”

“வெளியிலயா? நம்மகிட்ட இருக்கறதே ஆறு கம்ப்யூட்டருமா. ஆறும் இங்கதான் இருக்குது.”

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன், ஆளைக் கேட்காமல் கம்ப்யூட்டரைக் கேட்டேன். அது அப்போது தெரியவில்லை.

ரவுட்டரில் இரண்டே வரி எழுதினேன். உள்ளே இருக்கும் ஆறைத் தவிர வேறு எதுவும் சர்வரைத் தொட முடியாது. அடுத்த நிமிடம் கவுண்டர் கம்ப்யூட்டர் பறந்தது. “அக்கா, சூப்பர்க்கா!” என்றாள் கவுண்டர் பெண். மேனேஜர் காபி வரவழைத்தார். எவனோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து உட்கார்ந்திருந்ததாகவும், நான் அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாகவும் ஒரு கதையே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். லேப்பில் பிரிண்டர் மக்கர் செய்தது. அது முடிந்ததும், நம்ம ஆள் என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று ரவுட்டரின் பதிவைத் திறந்தேன். பார்த்தால், விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறான்! செவ்வாய், புதன், இன்றைக்கு என்று மூன்று நாளும் மதியம் மூன்று மணிக்கு ஆரம்பம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு தடவை தட்டுவது, காத்திருப்பது, மறுபடி தட்டுவது. சாதாரணமாக இப்படி நுழையப் பார்க்கும் புரோகிராம்கள் ஒரு நிமிடத்தில் நூறு தடவை இடிக்கும். இவ்வளவு மரியாதையான திருடனை நான் பார்த்ததே இல்லை. இன்னொரு வேடிக்கை, செவ்வாயும் புதனும் நாலு மணி வாக்கில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி ஆரம்பம்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே கவுண்டர் பெண்ணிடம் சொன்னேன், “இங்க பாரேன், பாங்கு சொன்னதும் திருடன் தொழுவப் போயிட்டு வந்து திருடறான்!”

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா… அது நம்ம சிஸ்டரம்மாவா இருக்கப் போவுதுங்க்கா. அவங்க நாலு மணிக்குத் தொழுவாங்க.”

“யாரு சிஸ்டரம்மா?”

சொன்னாள். இங்கேயே பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இந்த புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இருதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு கூடினால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். மதியம் டாக்டர் புது அளவைக் கம்ப்யூட்டரில் போடுவார். மூன்று மணிக்கு அந்த அம்மா தன் வீட்டிலிருந்து அதைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்வார். ரத்தம் எடுக்காத நாட்களிலும், உடம்பு சரியில்லாதவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

“செவ்வாக்கெழம போன் பண்ணாங்க. புது அக்கா வந்து எல்லாத்தையும் மாத்தியிருக்காங்கன்னு சொன்னேன். சரிமான்னு வச்சிட்டாங்க.”

புரிந்துபோயிற்று. தனக்குப் பதில் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். அப்படியும் மனசு கேட்காமல் தினமும் தட்டிப் பார்த்திருக்கிறார். அவர்தான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று மருத்துவமனை நினைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்த ஒருவருக்கும் போன் போகவில்லை.

பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் இணைப்பைத் திறந்துவிட்டேன். கவுண்டர் பெண் அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டர் ஓடி வந்து பட்டியலைப் பார்த்தார். ஒன்பது பேர். ஆறு பேருக்கு அளவில் மாற்றமில்லை. இரண்டு பேருக்கு அரை மாத்திரை கூட்ட வேண்டும், போனில் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாவது, குருசுக்குப்பத்தில் ஒரு பெண். இரண்டு நாள் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, வியாழன் காலையில் வந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வியாழன் சாயங்காலமே வரப் போகிறது. அவள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

“நான் போறேன் சார்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? செய்தது நான்.

தூறலில் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வீடு எங்கே என்று தெரியாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த சிஸ்டரம்மாவோடு லைனில் இருந்தேன். அப்போதுதான் அவர் குரலை முதன்முதலாகக் கேட்கிறேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

“கோயிலைத் தாண்டினதும் எடது பக்கம் ரெண்டாவது சந்துமா. பச்சைக் கதவு. எதிர் வூட்ல ஐஸ் பொட்டி அடுக்கி வச்சிருப்பாங்க. பாத்துப் போ, அங்க சறுக்கும்.”

“நீங்க இங்க வந்திருக்கீங்களா சிஸ்டர்?”

“நான் எங்கமா வர்றது? அவ சொல்லிக் கேட்டதுதான்.”

பச்சைக் கதவு இருந்தது. ஐஸ் பெட்டிகளும் இருந்தன. சந்து சறுக்கவும் செய்தது.

அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இடது கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். துணி முழுக்கச் சிவப்பு. காலையில் மீன் அரியும்போது விரலில் பட்டதாம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள், நிற்கவில்லை. துணியை மாற்றியிருக்கிறாள், அப்போதும் நிற்கவில்லை. பேசும்போது பல்லிடுக்கிலும் ரத்தம் தெரிந்தது.

“மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்றேன்.

“நேத்தும் சாப்புட்டேன், முந்தாநேத்தும் சாப்புட்டேன். அக்கா போன் பண்ணலியே, அப்ப மாத்திரை மாறலன்னு நெனச்சிக்கிட்டேன். போனுல சார்ஜ் வேற இல்ல, கரண்டு போச்சு. நீங்க யாரு?”

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகத்தில் இருந்த பயம் அப்படியே கலைந்து அழுகையானது. “அக்கா, எங்க போயிட்ட நீ?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி, வழி முழுக்க நான் அவள் விரலை அழுத்திக்கொண்டே வந்தேன்.

டாக்டர் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூன்று நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்குள் கசிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

குருசுக்குப்பம் போய் வந்த மறுநாளே அந்த சிஸ்டரம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்பக்கத் தெருவில் ‘சொல்தா வீடு’ என்று கேட்டால் சின்னக் குழந்தையும் காட்டுகிறது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், அதைத்தான் இங்கே சொல்தா என்பார்கள். முன்னறையில் கட்டிலில் அவர் படுத்திருந்தார். பேச்சு போய் ஏழு வருடமாம். கட்டிலை ஒட்டி ஒரு மேசை, அதில் பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு நோட்டு. அந்த அம்மா தேநீர் போடப் போன நேரத்தில் நோட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் சின்னச் சின்ன எழுத்தில் குறிப்புகள். ‘காது மந்தம், சத்தமா சொல்லணும்.’ ‘மகளுக்குப் பரீட்சை, எப்படி எழுதினாள்னு கேக்கணும்.’ ‘மருமகள்கிட்ட சொன்னால் போதாது, இவர்கிட்டயே சொல்லணும்.’ செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. புதன்கிழமைக்கும் தேதி மட்டும்தான்.

தேநீரோடு வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். “மன்னிச்சிடுங்க சிஸ்டர்” என்றேன்.

“அட, என்னாமா இது, சின்னப் புள்ள மாதிரி! ஒம் மேல மட்டுமா தப்பு? வேற யாரு போன் பண்றாங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எங்கிட்ட சொல்லாம நிறுத்திட்டாங்களேன்னு ரோஷம் வந்துடுச்சு. இந்த வயசுலயும் ரோஷத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். “அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா நான் அல்லாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்றார். அந்தக் கேள்வி எனக்கும்தான்.

அன்றைக்கே அவர் கம்ப்யூட்டருக்கு என்று தனியாக, பூட்டும் சாவியும் உள்ள ஒரு பாதுகாப்பான வழியை அமைத்தேன். சர்வரிலும் இன்னும் சில இணைப்புகளுக்கு இடம் கூட்டினேன். முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வேலை முடியும்போது மணி மூன்று. வெள்ளிக்கிழமை, ரத்தம் எடுக்கும் நாள். “கொஞ்சம் இரும்மா” என்று சொல்லிவிட்டு அவர் முதல் போனைப் போட்டார். “என்னா அண்ணே, சாப்ட்டாச்சா? மழையில நனையாம போய்ச் சேந்தீங்களா?” என்று ஆரம்பித்து, மாத்திரை அளவை இரண்டு தடவை சொல்லி, அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்தது ஒரு பாட்டி. அவரிடம் கிட்டத்தட்ட கத்தினார். அதற்கடுத்தவர் ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்.

தற்செயலாகக் கட்டில் பக்கம் பார்த்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவர், முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். மனைவி சிரித்தபோது அவர் உதடும் ஒரு பக்கமாக லேசாக நகர்ந்தது. ஒவ்வொரு போனையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச முடியாத ஒருவரும் அவரை விட்டு நகர முடியாத ஒருவரும் மட்டுமே இருக்கும் அந்த வீட்டுக்குள் வெளி உலகம் வருவதே மதியம் மூன்று மணிக்குத்தான். அதைத்தான் நான் இரண்டு வரியில் அடைத்துவிட்டு, காபியும் குடித்துவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

இப்போதும் புதிதாக ஓர் இடத்துக்கு வேலைக்குப் போனால், எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. இங்கே வராமலே இந்த இடத்துக்காக உழைப்பவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் தேதி மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருந்த அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.